போஸ்ட் மாஸ்டர் வாங்கிய வெல்டிங் மெஷின்

கேட்டின் கீழ்க் கீல் செல்வநாதனின் கையோடு வந்துவிட்டது.

அவர் செய்த தப்பு, பால் பாக்கெட் வாங்கக் காலையில் கேட்டைத் திறந்தது மட்டும்தான். மரக்காணத்து உப்புக்காற்றில் பன்னிரண்டு வருஷம் நின்ற இரும்பு அன்றைக்கு உதிர்ந்துவிட்டது. கேட் மெல்லச் சாய்ந்து, அவர் தோளில் உரிமையோடு தலையை வைத்துக்கொண்டது.

"மேரி! ஓடியா! கேட்டு என்மேல விழுந்திருச்சி!"

இன்னாசிமேரி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து பார்த்தாள். "அப்படியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க. கயிறு எடுத்தாறேன்."

கேட்டைத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினார்கள். அதற்கப்புறம்தான் செல்வநாதனுக்கு நினைவு வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கோயில் திருவிழா. மகள் ஜெர்லினும் மருமகன் பிராங்க்ளினும் சென்னையிலிருந்து புதுக் காரில் வருகிறார்கள். உப்பு லாரிகள் உரசிக்கொண்டு போகும் அந்தத் தெருவில் புதுக் காரை விட முடியுமா? கார் உள்ளே வர வேண்டும். அதற்குக் கேட் திறந்து மூட வேண்டும்.

"பிரபுவுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிது" என்றார்.

பிரபு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். அரை கிலோமீட்டர்கூட இருக்காது.

"நாளைக்குக் காலைல உங்க வாசல்ல நிப்பேன் சார்" என்றான்.

நிற்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, உப்பளத்தில் பம்புசெட் மாட்டிக்கொண்டது என்றான். அதற்கு மறுநாள் மச்சான் பிள்ளைக்குக் காதுகுத்து. அப்புறம் கரண்ட் இல்லை. ஆறாம் நாள், "வந்துக்கிட்டே இருக்கேன் சார், பாதி வழில இருக்கேன்" என்றான். அந்தப் பாதி வழி சாயங்காலம் வரை தீரவேயில்லை.

செல்வநாதன் முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் இருந்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வுபெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. அவர் கையில் ஒரு தபால்கூட ஒரு நாள் தங்கியதில்லை. பிரபுவின் போக்கை அவரால் தாங்க முடியவில்லை.

"மேரி, நான் ஒண்ணு யோசிக்கிறேன். நாமளே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிட்டா என்ன?"

மேரி என்னென்ன ஆட்சேபம் சொல்வாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"தாராளமா வாங்குங்க" என்றாள் மேரி.

"என்னது?"

"கார் ஷெட்டு சும்மாதானே கெடக்குது? அத ஒர்க்‌ஷாப்பா வெச்சிக்குங்க. ஃபேன் போட்டுத் தர்றேன். சேர் போட்டுத் தர்றேன். டீய அங்கியே கொண்டாந்து குடுக்குறேன். நாலு பேரக் கேட்டு, நல்லா பாத்து வாங்குங்க. அவசரமே படாதீங்க."

செல்வநாதன் மனதுக்குள் எழுதி வைத்திருந்த பதில்களைக் கிழித்துப் போட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில், அவர் சொன்ன ஒரு யோசனைக்கு மேரி இப்படிச் சட்டென்று தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

ஷெட்டில் பிளாஸ்டிக் சேர் வந்தது. அவர் நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்து செல்போனில் முப்பத்தொரு வீடியோ பார்த்தார். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் மார்க் போட்டார். கடைசியில் புதுச்சேரி பஸ் ஏறினார்.

கடையில் சந்தியா என்ற பெண் இருந்தாள். "என்ன வேலைக்கு சார்?" என்றாள்.

"கேட்டுக்கு."

"இரும்பு எவ்ளோ தடிமன் சார்?"

செல்வநாதன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். யோசித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பிரித்தார்.

சந்தியா ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். "வீட்டு வேலைக்கு இது போதும் சார். ராடு மாட்டி அடிக்கிறது. வீட்டுக் கரண்ட்லியே ஓடும்."

"இதுக்கு நான் நாலு மார்க்குதான்மா போட்டிருக்கேன். கேஸ் வெச்சி, கம்பி தானா வருமே, அந்த மிக் மெஷின் எடும்மா. பசை ஒட்டுற மாதிரி ஒட்டுமாம்."

"சார், அதுக்குக் காத்து அடிக்கக் கூடாது. நீங்க எந்த ஊரு?"

"மரக்காணம்."

சந்தியா வாயைத் திறந்து, அவர் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள்.

மெஷினும் ஆள் உயர கேஸ் சிலிண்டரும் குட்டி லாரியில் வந்து இறங்கின. சிலிண்டர் உள்ளே போவதை எதிர்வீட்டு விஜயலட்சுமி ஜன்னல் வழியே பார்த்தாள். ரிட்டயர் ஆன மனிதர், மூன்று மாதம், ஆள் உயர சிலிண்டர். அவள் கணக்கு அவ்வளவுதான். தெருவுக்கே சொல்லிவிட்டுக் கோயிலுக்கும் போன் போட்டாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் பங்கு சாமியார், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் நோயில்பூசுதல் எண்ணெயோடு வந்துவிட்டார். தலையை முழுக்க மூடிய கறுப்பு முகமூடியோடு ஷெட்டிலிருந்து ஓர் உருவம் வெளியே வந்ததும் அவர் ஓரடி பின்வாங்கிச் சிலுவை அடையாளம் போட்டார்.

"யாரது? செல்வநாதனா? உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னாங்களே!"

"இப்பதான் சாமி முட்டுது" என்றார் செல்வநாதன், முகமூடியைக் கழற்ற வழி தெரியாமல்.

சாமியார் முன்னிலையிலேயே கேட்டுக்கு முதல் வெல்டிங் நடந்தது. கடல்காற்று சிலிண்டரிலிருந்து வந்த கேஸை வந்த வேகத்தில் அள்ளிக்கொண்டு போனது. கீல் மேல் ஒட்டியது இரும்பா, ரஸ்க்கா என்று சொல்ல முடியவில்லை. அத்தனை ஓட்டை. சாமியார் விரலால் தொட்டார். கையோடு வந்துவிட்டது.

"ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மேரி டீ கொண்டு வந்தாள். "விடுங்க. மொத தடவதானே? வேற மெஷின் பாருங்க. நிதானமா பாருங்க."

இந்த முறை அவர் நண்பர் அசோகனைக் கேட்டார். அசோகன் நாற்பது வருஷமாக உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். இரும்பு விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

"ஏம்பா செல்வம், மெஷின்னா நாலு பேரு சேந்து தூக்கணும்பா. ஒருத்தன் தூக்குறதெல்லாம் டிபன் பாக்ஸு. பழைய மாதிரி டிரான்ஸ்பார்மர் மெஷின் வாங்கு. எங்க உப்பளத்துல இருக்குது, யானை மாதிரி."

செல்வநாதன் மறுபடியும் புதுச்சேரி போனார். சந்தியா இந்த முறை எதுவும் கேட்கவில்லை. மிக் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சக்கரம் வைத்த பச்சை நிற யானையை ஏற்றி அனுப்பினாள்.

யானையை இறக்க அசோகன் உப்பளத்திலிருந்து நான்கு பேரை அனுப்பினார். காற்று வராமல் இருக்க ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். கேட்டைக் கழற்றி ஷெட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். இப்போது வீட்டுக்குக் கேட்டே இல்லை. இரண்டு ஆடுகள் உள்ளே வந்து மேரியின் முருங்கைக்கன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போயின. மேரி அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செல்வநாதன் சுவிட்சைப் போட்டு, ராடை இரும்பில் வைத்தார். யானை ஒரு முறை உறுமியது. அவர் வீட்டு மெயின் ஃபியூஸ் போனது. அதோடு நிற்காமல் கம்பத்தில் ஏதோ டப்பென்று வெடித்து, தெரு முழுக்கக் கரண்ட் போனது.

விஜயலட்சுமி ஓடி வந்தாள். "அண்ணே! மாவு பாதில நிக்குது! கிரைண்டருக்குள்ள கல்லு மாட்டிக்கிச்சி!"

"ஒரு நிமிஷம்மா."

அந்த ஒரு நிமிஷம் மறுநாள் பகல் பதினோரு மணிக்குத்தான் முடிந்தது. அதுவரை தெருவில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எதிர்வீட்டில் எட்டுப் படி மாவு புளித்தது.

திருவிழாவுக்கு மூன்றே நாள். மருமகன் முன்னால் கேட் இல்லாத வீட்டில் எப்படி நிற்பது? "பேசாம பிரபுவ இன்னொரு தடவ கூப்பிடவா மேரி?" என்றார் குரல் இறங்கி.

"அவன் கெடக்குறான்" என்றாள் மேரி அவசரமாக. "உங்களால முடியாதா? இவ்ளோ தூரம் வந்துட்டீங்க!"

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மூன்றாம் முறை பஸ் ஏறினார். சந்தியா, "வாங்க சார், உக்காருங்க" என்று டீ வரவழைத்தாள். முதல் நாள் காட்டிய அதே சின்னப் பெட்டியை மேசை மேல் வைத்தாள்.

"இதுக்கு நாலு மார்க்குதான் போட்டீங்க சார்."

"பத்தாக்கிட்டேம்மா" என்றார் செல்வநாதன்.

பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால் ராடுகள் இரண்டு நாள் திறந்து கிடந்ததில் உப்புக்காற்றின் ஈரம் குடித்துவிட்டன. வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டன, இழுத்தால் வரவில்லை. ஈர ராடை அடுப்பில் காய வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். மேரி திருவிழாவுக்குக் கேக் சுட்டுக்கொண்டிருந்த ஓவனில், மேல் தட்டில் ஒரு கட்டு ராடை வைத்தார். அந்த வருஷத்துக் கேக்கைச் சாப்பிட்ட சொந்தக்காரர்கள், புது எசென்ஸா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஜெர்லினும் பிராங்க்ளினும் வந்தார்கள். கார் உள்ளே வந்தது. வருவதற்குத் தடையாகத்தான் அங்கே எதுவுமே இல்லையே.

"மாமா, கேட்டு எங்க?" என்றான் பிராங்க்ளின்.

"அரை மணி நேரத்துல மாட்டிடுவேன் மாப்ள. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அசோகனின் ஆட்கள் கேட்டைத் தூக்கிப் பிடித்தார்கள். செல்வநாதன் முகமூடியை இறக்கினார். அன்றைக்கு ராடு வெண்ணெய் போல் ஓடியது. பொறி பறந்தது. மேல் கீல், கீழ்க் கீல் இரண்டையும் மேலிருந்து கீழ்வரை இடைவெளியில்லாமல் அடித்தார். கை ருசி கண்டுவிட்டது. எங்கெல்லாம் சந்து தெரிந்ததோ, அங்கெல்லாம் அடைத்தார். ஆறியதும் கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. மலை மாதிரி நின்றது.

"எப்படி?" என்றார் மேரியிடம்.

"சூப்பருங்க" என்றாள் மேரி.

அன்று மாலை எல்லோரும் பின்வாசல் வழியாகத் திருவிழாவுக்குப் போனார்கள். கோயில் அந்தப் பக்கம்தான். ஞாயிறு பூசையும் சப்பரமும் பிரியாணியும் முடிந்து, பிராங்க்ளின் காரைக் கிளப்பினான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்குச் சென்னையில் டூட்டி.

கேட்டை இழுத்தான். இன்னும் பலமாக இழுத்தான்.

"மாமா, இது எப்படித் தொறக்குறது?"

செல்வநாதன் கிட்டப் போய்ப் பார்த்தார். கீலின் சுழலும் பாகம், சுழலாத பாகம், தூண், கேட் நான்கும் ஒரே இரும்பாகியிருந்தன. அவர் வெல்டிங் அடித்துச் செய்தது கேட் இல்லை, சுவர்.

"மாப்ள" என்றார் மெதுவாக, "பஸ்ல போறீங்களா?"

ஜெர்லின் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். பிராங்க்ளின் சிரிக்கவில்லை. "டூட்டிக்கு லேட்டானா மெமோ குடுப்பாங்க மாமா" என்றான். செல்வநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. மகள் புருஷனின் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று நினைத்தார்.

மேரி செல்போனை எடுத்தாள்.

எட்டாவது நிமிஷம் பிரபு வண்டியில் வந்து நின்றான். கட்டிங் மெஷினால் இரண்டு கீலையும் அறுத்தான். பையிலிருந்து புதுக் கீல் இரண்டு எடுத்து வைத்து, நான்கே பொட்டு அடித்தான். கேட் சத்தமில்லாமல் திறந்தது. கார் வெளியே போய், ஜெர்லின் கையசைத்து, தெருமுனை திரும்பியது.

பிரபு சின்னப் பெட்டியைப் பார்த்து, "நல்ல மெஷின் சார்" என்றான். செல்வநாதனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

என்ன இருந்தாலும் மேரி ஒருத்திதான் கடைசி வரை நம்மை நம்பினாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, தார்ப்பாய்க்கு வெளியே பிரபுவின் குரல் தணிவாகக் கேட்டது.

"அக்கா, 'ரிட்டயர் ஆனதுலேர்ந்து சாரு சமையல்கட்டுலியே நின்னுக்கிட்டு, மொளகா டப்பா மல்லி டப்பாவுக்கெல்லாம் பின்கோடு எழுதி ஒட்டுறாரு, அவரு எத்தனவாட்டி கூப்பிட்டாலும் நீ மட்டும் கேட்டு வேலைக்கி வந்துடாதடா தம்பி'ன்னீங்களே, இப்ப நானே சரி பண்ணிட்டேனே, உங்க மாடிப் படிக் கைப்புடியையாவது கழட்டி வுட்டுட்டுப் போவட்டுமா?"