சட்டம் ஆபீசுக்கு, வணிகம் வீட்டுக்கு

"கருணா, உன் பேருக்கு லண்டன்லேருந்து பார்சல் வந்திருக்கேன்னு பிரிச்சேன். சட்டப் பாடம்னு பார்த்தா, கணக்குப் பதிவும் கம்பெனி நிர்வாகமுமா இருக்கு. என்னப்பா இது?"

லாயர் கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். அவருடைய ஆபீசில் கிளார்க்காக இருந்த கருணாகரன், பார்சல் மேல் ஒட்டியிருந்த விலாசத்தைத் திருப்பிப் பார்த்தான்.

விஷயம் இதுதான். கருணாகரன் தபால் வழியில் இரண்டு பட்டங்களுக்குச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தான். சட்டம் படிக்கிறான் என்பது லாயருக்குத் தெரியும். வணிகம் படிக்கிறான் என்பது மாமனார் சேதுராமனுக்குத் தெரியும். இரண்டையும் படிக்கிறான் என்பது அவன் மனைவி மல்லிகாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால்தான் சட்டப் பாடத்துக்கு ஆபீஸ் விலாசமும், வணிகப் பாடத்துக்கு காஜா பேராங்கில் இருக்கும் மாமனார் வீட்டு விலாசமும் கொடுத்திருந்தான். லண்டனில் எந்தப் புண்ணியவானோ இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டான்.

"சட்டம் படிக்கிறவன் வேற எதையும் நினைச்சே பார்க்கக் கூடாது" என்பது லாயரின் கொள்கை. ஒழுங்காகப் பாஸ் செய்தால், பாரிஸ்டர் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாமனாரோ, வேலிச் சண்டை ஒன்றில் கோர்ட்டுக்கு அலைந்து தோற்ற நாளிலிருந்து வக்கீல் என்ற சொல்லைக் கேட்டாலே எச்சில் துப்புகிறவர். "வக்கீலாபீஸ்ல டைப் அடிங்க, வேணாங்கல. கறுப்பு கோட்டு போட்டுகிட்டு மட்டும் என் வீட்டு வாசல்ல ஏறிடாதீங்க மாப்பிள்ளை" என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார். கருணாகரன் குடியிருந்ததும் அவர் வீட்டில்தான்.

"அது... அது என் மாமாவோடதுங்க சார்."

"யாரு, எண்ணெய்க் கடை சேதுராமனா?"

"ஆமாங்க. வயசான காலத்துல படிக்கிறார்னு பசார்ல கேலி பண்ணுவாங்களாம். அதான் என் பேர்ல வரவழைக்கிறார்."

லாயரின் முகம் மலர்ந்துவிட்டது. கருணாகரன் பார்சலை வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தப்பித்தோம் என்று வீட்டுக்கு மிதித்தான்.

வீட்டு முன்கூடத்தில் சேதுராமன் இன்னொரு பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, இது என்னா? ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம்னு போட்டிருக்கு?"

ஒரு பொய் பலித்த தெம்பில் இரண்டாவது பொய் தானாக வாயில் வந்தது.

"எங்க லாயரோடது மாமா. வெளிய தெரிஞ்சா மரியாதை போயிடும்னு என் பேர்ல வரவழைக்கிறார்."

"வக்கீலே இன்னும் சட்டம் படிக்கிறானா!" சேதுராமன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்ப இத்தனை நாளா என்னாத்தப் படிச்சிட்டு வாதாடினான்?"

அன்று ராத்திரி மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, பொய் சொல்றதுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே பொய்யாச் சொல்லக்கூடாதா? அவரைப் பத்தி இவர்கிட்ட, இவரைப் பத்தி அவர்கிட்ட!"

"ரெண்டு பேரும் சந்திக்கப் போறதே இல்ல மல்லிகா."

சந்திக்கத்தான் இல்லை, செய்தி சந்தித்தது. சேதுராமன் எண்ணெய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் வக்கீல் கதையையும் சேர்த்து ஊற்றிக் கொடுத்தார். அது தெங்கேரா வரைக்கும் போய், லாயரின் கட்சிக்காரரான ஜவுளிக்கடை அலி அக்பரின் காதில் விழுந்தது. அவர் ஆபீசுக்கு ஓடிவந்து கருணாகரனை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. லாயர் இன்னும் பாஸ் பண்ணலியாமே? என் கேசு அடுத்த வாரம் வருதுலா!"

"ஐயையோ பாய், அது மேல்படிப்பு. ஜட்ஜ் ஆகறதுக்காகப் படிக்கிறார்."

அலி அக்பர் நிம்மதியாகப் போனார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நாடு சுதந்திரம் அடையும் மெர்டேக்கா நாளுக்குச் சில வாரங்களே இருந்தன. வெள்ளைக்கார ஜட்ஜுகள் கப்பலேறப் போகிறார்கள், அந்த நாற்காலிகளில் யார் உட்காருவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் கோர்ட்டில் லாயருக்கு மூன்று மாலைகள் விழுந்தன. உண்மையிலேயே ஜட்ஜ் பதவிக்குக் காத்திருந்த இன்னொரு மூத்த லாயர், இவர் முகத்தைப் பார்க்காமலே நடந்துபோனார்.

கணேசமூர்த்தி மாலையும் கையுமாக ஆபீசுக்கு வந்தார்.

"கருணா, நான் ஜட்ஜ் ஆகப் போறேனாம். யார் கிளப்பிவிட்டதுன்னு விசாரிச்சா, எல்லாரும் உன் மாமனார் பேரைச் சொல்றாங்க!"

"மாமாவுக்கு உங்க மேல அவ்வளவு மரியாதைங்க சார்" என்றான் கருணாகரன். வேறு என்ன சொல்வது?

லாயர் நெகிழ்ந்துவிட்டார். "இந்த வயசுல படிக்கிறார். முகம் தெரியாத என்னையும் உயர்த்திப் பேசுறார். மெர்டேக்கா விழாவுல அவரை மேடையேத்திப் பொன்னாடை போர்த்தப் போறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து அழைக்கிறேன்."

"வேண்டாங்க சார்! மாமாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு வார்த்தை பேச முடியல."

"அடடா, உடம்பு சரியில்லையா? அப்ப அவசியம் வரணுமே!"

வீட்டில் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசினால் போதும், வேலை, இங்கிலாந்து, குடியிருக்கும் அறை மூன்றும் போய்விடும். கருணாகரன் யோசித்து யோசித்து, சனிக்கிழமை மாமனாரிடம் போனான்.

"மாமா, நாளைக்கு எங்க லாயர் வர்றார். உங்களைப் பார்த்துட்டு உடனே போயிடுவார். அவருக்குச் சுத்தமாக் காது கேக்காது. நீங்க சிரமப்பட்டுப் பேசவேண்டாம்."

"காதும் கேக்காதா!" என்றார் சேதுராமன் பரிதாபமாக. "பாவம், அதான் கேசு தோக்குது."

ஞாயிற்றுக்கிழமை மாலை லாயர் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார். சேதுராமன் எழுந்து நின்று, கிளேபாங் கடற்கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"வாங்க! உக்காருங்க! கோப்பி குடிக்கிறீங்களா?"

லாயர் இரண்டடி பின்னால் போனார். "கருணா, குரலே இல்லைன்னு சொன்னியே?"

"இப்பத்தான் சரியாச்சுங்க சார். சரியானதும் சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"என்னா சொல்றாரு மாப்பிள்ளை?" என்று கத்தினார் மாமனார்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க? எனக்கு நல்லாக் காது கேக்குது!" என்று லாயரும் கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மல்லிகா கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள். சேதுராமன் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். லாயரும் பார்த்தார். அப்புறம் லாயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமனாரின் கையைப் பிடித்தார்.

"மறைக்காதீங்க. நீங்க படிக்கிற விஷயம் எனக்குத் தெரியும்."

சேதுராமனின் முகம் வெளுத்தது. வாய் திறந்தது. அடுத்த நொடி மாமா வெடிக்கப் போகிறார் என்று கருணாகரனுக்குத் தோன்றியது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சார், மன்னிச்சிடுங்க! மாமா எதுவும் படிக்கல. மாமா, லாயரும் படிக்கல. ரெண்டு பார்சலும் என்னுதுதான். சட்டம், வணிகம் ரெண்டும் நான்தான் சேர்த்துப் படிக்கிறேன். கம்பெனி நடத்துறவனுக்குச் சட்டம் தெரியல, சட்டம் தெரிஞ்சவனுக்கு வியாபாரம் புரியல. நாளைக்குச் சொந்த நாடுன்னு ஆனா ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணுமேன்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் பயந்துதான் மறைச்சேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது.

லாயர் மெல்ல எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஒண்ணைப் படிக்கவே ஆயுசு பத்தல. புத்தியுள்ள எவனாவது ரெண்டையும் சேர்த்துப் படிப்பானா? அதுவும் திருட்டுத்தனமா!" என்றவர், ஆதரவு தேடி மாமனார் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் பெரியவர், நீங்களே கேளுங்க இவனை!"

வக்கீல் என்றாலே எச்சில் துப்புகிற சேதுராமன், மருமகனை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்க வேண்டிய சேதுராமன், ஆரஞ்சுக் கூடையையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

கோப்பித் தட்டோடு வந்த மாமியார் பாக்கியலட்சுமி, தட்டை நங்கென்று மேசையில் வைத்தார்.

"அவரு எந்த வாயால கேப்பாரு? மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு எண்ணெய்க் கிடங்குல ஒளிஞ்சுகிட்டு, மூணு வருசமா அவரும் அந்த ரெண்டையும்தானே சேர்த்துப் படிக்கிறாரு!"