துசாந்தினி தாய்லாந்து போன கதை

துசாந்தினியைத் தாய்லாந்துக்குப் போக விடுவதில்லை என்று சிவதர்சன் முடிவெடுத்தபோது அவன் வாயில் பாதி இடியப்பம் இருந்தது. விழுங்கிவிட்டு முடிவெடுத்திருந்தால் சத்தமாகச் சொல்லியிருப்பான். விழுங்கி முடிப்பதற்குள் துணிவு போய்விட்டது.

செய்தி சின்னதுதான். பாசிக்குடாவில் துசாந்தினி அறை மேற்பார்வை பார்க்கும் ஹோட்டலில் இருந்து இரண்டு பேரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். ஒருத்தி வரவேற்பு மேசையில் இருக்கும் ஹிதாயா. மற்றவள் தான்தான் என்று சொல்லிவிட்டு, அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சொதியை ஊற்றினாள்.

அவனுக்குப் பயம் தாய்லாந்தில் இல்லை. பின்வளவில் இருந்தது.

சிவதர்சன் பிறந்தது கிரானில். கலியாணம் கட்டியதும் ஊர் வழமைப்படி பெண்சாதியின் வீட்டுக்கு, பனிச்சங்கேணிக்கு வந்து சேர்ந்தான். களப்புத் தண்ணீரைப் பார்த்த வீடு அவளுடையது. பின்னால் உள்ள சின்ன வீட்டில் மாமி தெய்வமணி இருந்தாள். தெய்வமணி பழைய முறைக்காரி. மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டாள். கோபம் இல்லை, மரியாதை. நாலு வருசமாக இருவருக்கும் நடுவில் ஒரு சொல்கூட நேராகப் போனதில்லை. எல்லாம் துசாந்தினி ஊடாகத்தான். அவள் வேலைக்குப் போன நேரத்தில் மாமி கோழியோடு கதைப்பாள், அவனுக்குக் கேட்கும்படி. "உச்சி வெயிலாகியும் குளிக்காமல் நிற்கிறாயே" என்று கோழியைக் கேட்டால், சிவதர்சன் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவான்.

அரை நாளைக்கு இது சரி. பத்து நாள்? இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்பதை அவன் எந்தக் கோழியிடம் சொல்வது?

இதை வெளியில் சொல்லவும் முடியாது. அவன் தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். போன மாதம்தான் பெண்கள் முன்னேற்றம் பற்றி ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசியிருந்தான். துசாந்தினி முன்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தாள். அந்தக் குறிப்புகளை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்பதும் அவனுக்கு ஒரு சந்தேகம்.

வழியை அவளே காட்டினாள். போட்டோக்கொப்பி எடுத்த பதினாலு பக்கங்களை மேசையில் போட்டாள். சூட்டு நாடுகளுக்குப் போகிறவர்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும், போன இடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதாம்.

"எல்லாம் இங்கிலீசு. எனக்கென்னத்துக்கு? விளங்காமலே போயிட்டு வாறன்."

சிவதர்சன் பக்கங்களைப் புரட்டினான். காய்ச்சல். வெள்ளம். பாம்பு. யானை. வயிற்றோட்டம். அவன் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு ஆபத்து. தடுக்க வேண்டிய தேவையே இல்லை, சரியான குரலில் வாசித்தால் போதும். அவளே பயந்து வேண்டாம் என்பாள்.

அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு மூன்று கிழமை எடுக்கிறவன், பதினாலு பக்கத்தையும் இரண்டு பின்னேரத்தில் தமிழாக்கினான். அகராதி பார்த்தான். அடிக்கோடு போட்டான். மூன்றாம் நாள் தேத்தண்ணி குடித்த கையோடு, மரண அறிவித்தல் வாசிக்கிறவரின் குரலில் தொடங்கினான்.

"வெப்பம் முப்பத்திரண்டு பாகை வரை ஏறும். பழக்கமில்லாதவர்கள் மயங்கி விழக்கூடும்."

துசாந்தினி பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். "இப்ப இவடத்த எவ்வளவு?"

அவன் போனைப் பார்த்தான். முப்பத்தாறு.

"அப்ப அங்க குளிரும். மறுகா?"

"குழாய்த் தண்ணியைக் குடிக்கப்படாது."

"குழாயில தண்ணி வருமாமா? ஒவ்வொரு நாளுமா?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். மழைக்காலத்தில் வீதிகள் மூழ்கும், பயணங்களைத் தவிர்க்கவும் என்று வாசித்தான். போன மார்கழியில் கிரானுக்கு அவனுடைய அக்கா வீட்டுக்குப் படகில்தானே போனோம், பாயாசச் சட்டியும் மடியில் இருந்ததே என்று அவள் ஞாபகப்படுத்தினாள். சுவர்களில் பல்லி ஊரும் என்றான். அதைப் பல்லி ஒன்று மேலே இருந்து ஆமோதித்தது.

கடைசி அம்பாக யானையை எடுத்தான். "காட்டு யானைகள் வீதிக்கு வரும். வாகனத்தை விட்டு இறங்காமல், சத்தமிடாமல், தூரத்தில் இருந்து ரசிக்கவும்."

"ரசிக்கவுமோ?" என்றாள் துசாந்தினி.

பின்வாசலில் மாமி கோழிக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தாள். "போன கிழமை வந்து வாழை முழுக்கத் திண்டுட்டுப் போச்சு கா," என்று கோழியிடம் சொன்னாள். "நாமதான் ரசிக்காம விட்டுட்டம்."

பயம் வரவில்லை. அதைக்கூட அவன் பொறுத்திருப்பான். அவள் எழுதத் தொடங்கினாள், அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்லக் குறித்தாள். உள்ளூர்ச் சாப்பாடு மிகவும் உறைக்கும் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கழிப்பறைகள் குந்தி இருக்கும் வகையாக இருக்கலாம், முழங்கால் நோ உள்ளவர்கள் கவனம் என்ற வரியை மூன்று தரம் வாசிக்க வைத்தாள். முடிந்ததும், "நாளைக்கும் வாசிங்க, நல்லாக் கிடக்கு," என்றாள்.

அவள் அவனை நாலு வருசத்தில் முதல் தடவையாகப் பாராட்டினாள். சிவதர்சனுக்குச் சந்தேகம் பிடித்தது.

அடுத்த நாள் மீன் குழம்பு வெள்ளையாக வந்தது. மிளகாய் எங்கே என்று கேட்டான். வயிற்றுக்கு நல்லதாம். அதற்கு அடுத்த நாள் ஒரு மேசன் வந்து வீட்டோடு ஒட்டிய கழிப்பறையில் கதிரை போல ஏறி இருக்கும் கொமட் ஒன்றைப் பொருத்தினான். அம்மாவுக்கு முழங்கால் நோவாம். அம்மாவோ அந்த நேரத்தில் வேலிக்கு மேலால் ஏறி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலுக்குப் புது நுளம்புவலை வந்தது. இரவுச் சாப்பாட்டில் அவனுக்குப் பெரிய மீன் துண்டாக விழத் தொடங்கியது. அவனுடைய பாயைக் கழுவிக் காயப் போட்டிருந்தார்கள். பாயை ஏன்?

அவன் கடவுச்சீட்டைத் தேடினான். அதற்குள் டிக்கெட்டும் இருந்தால் திகதி தெரிந்துவிடும். அலுமாரியில் இல்லை. அரிசிப் பெட்டியில் முழங்கை வரை விட்டுத் துழாவினான். இல்லை. சாமிப் படத்துக்குப் பின்னால், பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையை விட்டான். மெத்தென்று ஏதோ அகப்பட்டது. இழுத்தான். அன்னம் போல மடித்த ஒரு வெள்ளைத் துவாய். அதன் பின்னால் இன்னொரு அன்னம்.

தாய்லாந்தில் துவாயும் இல்லையா?

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்த ஹிதாயாவைச் சந்தியில் மறித்தான்.

"எனக்கொண்டும் தெரியா சேர்," என்றாள் ஹிதாயா.

அவன் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை துசாந்தினி அவனை வாழைச்சேனைக்கு அனுப்பினாள். வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, கழிப்பறைக் கடதாசிச் சுருள் எட்டு. பத்து நாளைக்கு எட்டா என்று கேட்டான். எட்டும் வேணும் என்றாள். மோட்டார்சைக்கிள் கைபிடியில் இரண்டு பக்கமும் நாலு நாலாகத் தொங்கவிட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் வரக்கூடாது என்று வேண்டியபடி திரும்பி வந்தான்.

படலைக்கு முன்னால் ஒரு வான் நின்றது.

விமான நிலையத்துக்கு ஏற்ற வந்துவிட்டது என்று நினைத்து உள்ளே ஓடினான். வாசலில் பெரிய சப்பாத்து இரண்டு சோடி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அவை யாருடையவை என்று யோசிப்பதற்குள் உள்ளிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் எழும்பி, இரண்டு கையையும் கூப்பி அவனைக் கும்பிட்டார். பக்கத்தில் அவருடைய மனைவி. தோள் மூடிய சட்டை. பாதம் சாமிப் படத்தைப் பார்க்காதபடி காலை மடக்கி வைத்திருந்தார். தேங்காய்ப் பலகாரத்தை வலது கையால் மட்டும் எடுத்தார். சுவரில் பல்லி ஓடியது. இருவரும் அதைப் பார்த்துப் பயப்படாமல் மரியாதையாகச் சிரித்தார்கள்.

கும்பிடுதல், ஆறாம் பக்கம். தோள், ஏழாம் பக்கம். பாதம், எட்டு. வலது கை, ஒன்பது. அவன் தமிழாக்கிய பக்கங்கள் எழும்பி நடந்து வந்து அவனுடைய கதிரையில் இருந்தன.

அந்த வெள்ளைக்கார அம்மாவின் மடியில் ஒரு புத்தகம் கிடந்தது. உள்ளே பார்க்கத் தேவை இருக்கவில்லை. அட்டையில் ஒரு தீவின் படம். அவனுடைய அலுவலகச் சுவரிலும் அதே படம்தான் தொங்குகிறது, கொழும்பும் மட்டக்களப்பும் குறித்தபடி.

சிவதர்சன் எட்டுச் சுருளையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனான். துசாந்தினி மிளகாய் போடாத சம்பல் ஒன்று அரைத்துக்கொண்டிருந்தாள்.

"தாய்லாந்து?" என்றான்.

"அது எங்க கிடக்கோ, ஆருக்குத் தெரியும்."

"இதாரு?"

"ஹோட்டலுக்கு வாற ஆக்கள்தான். களப்போரம் ஒரு வீட்டில நிண்டு பார்க்க ஆசையாம். ஹிதாயா அனுப்பினவள். வாறதுக்கு முதல் அவங்களுக்கு என்ன சொல்லி அனுப்புறாங்க, எதுக்கெல்லாம் பயப்படுறாங்க எண்டு தெரிஞ்சாத்தானே நாம வீட்ட ஆயத்தம் செய்யலாம்."

"அதை என்னட்ட நேரா கேட்டிருக்கலாமே. வாசிச்சுச் சொல்லியிருப்பனே."

துசாந்தினி குழவியை நிறுத்தினாள்.

"தை மாசம் கேட்டன். இதே கடதாசிதான். நாளைக்கு எண்டீங்க. மாசியில கேட்டன், நாளைக்கு எண்டீங்க. மடிப்பைக்கூட விரிக்கல்ல. ஒண்டைச் செய்யச் சொன்னா உங்களுக்கு ஆறு மாசம் வேணும். ஒண்டைத் தடுக்கிறதெண்டா ரெண்டு நாள் காணும்."

அவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தான். மேசனை, மீன் துண்டை, காயப் போட்ட பாயை. அவன் கண்ணுக்கு முன்னால் மேசையில் கிடந்த, எந்த நாடு என்று ஒரு பெயர்கூட இல்லாத பதினாலு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டான்.

ஆனால் யோசிக்க யோசிக்க, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று பட்டது. அவள் போகவில்லை. பத்து நாள் இல்லை. அவனும் மாமியும் தனியே விடப்படப் போவதில்லை. ஏமாந்தால் என்ன, வெற்றி அவனுக்குத்தான். பெருந்தன்மையோடு, நல்ல முயற்சிதான் என்று சொன்னான். பெண்கள் முன்னேற்றம் பற்றி இன்னும் ஒரு வசனமும் சேர்த்தான். சுருள்களை அடுக்கி வைத்தான். பிறகுதான், அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டான்.

"நம்மட அறையில. வலை கட்டிக் கிடக்கே."

"நாம?"

"நான் நடு அறையில. அவங்க ஏதும் கேட்டா எழும்பணும். உங்கட பாயும் தலகணியும் அம்மாட வீட்ட கொண்டு போய் வச்சாச்சு."

சிவதர்சன் குசினி யன்னலால் பின்வளவைப் பார்த்தான். சின்ன வீட்டு வாசல் கூட்டித் தண்ணி தெளித்திருந்தது.

"இவங்க எத்தனை நாள்?"

"மூணு நாள்தான்."

அவன் மூச்சை விட்டான். மூன்று நாளை மூன்று மாதமாக நினைத்துப் பயந்த தன்னை நினைத்துச் சிரிக்கவும் செய்தான்.

"அதுக்குப் பிறகு ஜேர்மன்காரர்," என்றாள் துசாந்தினி, திரும்பவும் அரைக்கத் தொடங்கியபடி. "புரட்டாதி வரைக்கும் அறை நிரம்பிட்டு."

அன்றைக்கு வைகாசி மூன்று.