நீலச் சட்டையும் சித்தப்பாவின் கதவுக் கணக்கும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் இடது கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்கள், சித்தி, தம்பி, உங்கள் மருந்துப் பை எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்விசிறியைத் துடைக்க ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறிய உங்கள் அண்ணன், தொடையில் கம்பி வைக்கப்பட்டு முந்தாநாள் வீடு வந்து சேர்ந்தார். வந்து படுத்ததும் முதல் வேலையாக மேலே பார்த்தார். "ஒரு இறக்கை பாக்கி இருக்குடி" என்றார். அம்மா ஸ்டூல் இரண்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கல்லூரிக்காரர் வெள்ளிக்கிழமைவரை எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். எந்தப் படிப்பு என்று மட்டும் நான் சொல்ல வேண்டும். "அப்பாவுக்குத் துணையா ஆஸ்பத்திரில சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போறே? ஒவ்வொரு வேலையையும் பாரு, நல்லது கெட்டது எழுதி அனுப்பு. போன்ல வேணாம், மழுப்புவே" என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி. போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள்.

உங்கள் கணக்கு எனக்கு மனப்பாடம். இருபது வருஷமாக மருந்துக் கம்பெனி ரெப்பாக டாக்டர்கள் வாசலில் நின்ற மனிதர் நீங்கள். உலகத்தில் இரண்டே ஜாதி, கதவுக்கு உள்ளே இருப்பவன், வெளியே நிற்பவன், நம் வீட்டில் ஒருத்தியாவது உள்ளே உட்கார வேண்டும் என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் நான் சும்மா உட்காரவே முடியவில்லை சித்தப்பா, அதற்குக் காரணம் அம்மா. ஆஸ்பத்திரி என்றால் வெளிர் நிறத்தில் போனால்தான் மரியாதை என்று, துவைத்துப் போட வசதியாக ஒரே துணியில் எனக்கு மூன்று சட்டை எடுத்தார். வெளிர் நீலம். அங்கே போய்ப் பார்த்தால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் சீருடையும் அச்சு அசலாக அதே வெளிர் நீலம். அப்பாவைப் படுக்கையில் கிடத்தித் தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்கிறேன், வார்டின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர், "ஏய் நீலம்! நாலாம் பெட்டு பாட்டில் முடியப் போகுது, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றார். "இல்ல சிஸ்டர், நான் வந்து..." என்றேன். "வந்துட்டேல்ல? போய்ப் பாரு!" போய்ப் பார்த்தேன். முடியப்போகிறது என்று சொன்னேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் ஆஸ்பத்திரியின் பொதுச் சொத்து. யாரும் பெயர் கேட்கவில்லை. எங்கே படிக்கிறாய் என்று கேட்கவில்லை. நீலமாக இருந்தால் தள்ளு, தூக்கு, ஓடு, பிடி. அந்தக் கட்டடம் முழுக்கச் சம்பளமில்லாத நீலச் சட்டைகளின் முதுகில்தான் நிற்கிறது, அதில் ஒரு சட்டை கூடுதலாக இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

முதலில் உங்கள் ஆசையான டாக்டர். நல்லது: அவர் வந்தால் வார்டே எழுந்து நிற்கிறது, எழ முடியாதவர்கள் தலையையாவது தூக்குகிறார்கள். கெட்டது: அவர் நிற்பதே இல்லை. பெரிய டாக்டர் அப்பாவின் கட்டிலுக்கு வந்தார், காலைப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார், அப்பா "டாக்டர், நான் எப்ப..." என்று வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலில் இருந்தார். பின்னால் கேஸ் ஃபைல்களைச் சுமந்துகொண்டு நான். அப்பா என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?" என்றார். டாக்டர் திரும்பி, "கேக்கறாருல்ல, சொல்லும்மா" என்றார். நானும், "கால் நல்லாயிருக்காம்ப்பா, நீ சும்மா ஆட்டாம இருப்பா" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் நின்றுவிட்டார் சித்தப்பா. "பாத்தீங்களா? பேஷன்ட்டை அப்பாங்கறா. இந்தப் பண்பு இப்ப யார்கிட்ட இருக்கு? எல்லாரும் கத்துக்கங்க" என்று மற்ற நீலங்களைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வார்டில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அப்பாவை அப்பா, அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாத்திரை போடுங்கப்பா, திரும்பிப் படுங்கப்பா. பெற்ற ஒரு பெண் கூப்பிட்டால் செவிடாகும் மனிதர், எல்லாருக்கும் "சொல்லும்மா, சொல்லும்மா" என்கிறார். சாப்பாட்டுக் கூடையோடு வந்த அம்மா கட்டில் காலடியிலேயே நின்று, "எத்தனை இருக்கு உங்களுக்கு, எனக்குத் தெரியாம?" என்று கேட்டார்.

சின்ன டாக்டர் ஒருவர் இருக்கிறார். படிப்பு முடித்து இப்போதுதான் வந்தவர். லிஃப்டின் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறார். அவர் இறங்க வேண்டிய மாடி வரும், கதவு திறக்கும், மூடும், அவர் மறுபடி கீழே போவார். யாரும் எழுப்புவதில்லை. அது ஒன்றுதான் அவருக்கு ஓய்வு என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கதவுக் கணக்குப்படி அவர் உள்ளேதான் இருக்கிறார், பாவம்.

மருந்துக் கடை. நல்லது: நாற்காலி உண்டு. இதை எழுதும்போதே எனக்குக் கால் வலிக்கிறது, அதனால் முதலிடம் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். கூட்டம் முட்டியபோது மருந்தாளுநர் என்னையும் உள்ளே இழுத்து, கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னார். கெட்டது: அந்தக் கண்ணாடியில் இருக்கும் ஓட்டை. அதை நெட்டையனும் குனிய வேண்டும், குட்டையனும் எக்க வேண்டும் என்ற உயரத்தில் எவனோ நினைத்து நினைத்து வைத்திருக்கிறான். நோயாளி வீட்டுக்காரர்கள் பிச்சை கேட்பதுபோல வளைந்து நிற்கிறார்கள். மருந்தாளுநர் நல்ல மனிதர்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் வாய்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார், முகம் பார்த்ததில்லை. "ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கலாமே சார்?" என்று கேட்டேன். "ஆக்கினா எல்லாரும் பேச ஆரம்பிச்சிருவாங்கம்மா" என்றார்.

எக்ஸ்ரே. நல்லது: குளிர்ச்சியான அறை, தனிமை, நாம் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஊரே கேட்கும். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்றால் மந்திரியும் பிடித்தாக வேண்டும். கெட்டது: "விடுங்க" என்று சொல்ல ஞாபகம் இருக்க வேண்டும். நான் ஒரு பெரியவரைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போயிருந்தேன். படம் எடுப்பவர் "பிடிங்க" என்றார், எடுத்தார், போன் வந்தது, வீட்டிலிருந்து. "கேஸ் சிலிண்டரா? நேத்தே சொல்லக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, சொன்ன சொல் தவறாமல் நிற்கிறார். நான் கதவைத் திறந்து "விடுங்க தாத்தா!" என்று கத்தினேன். விட்டுவிட்டு அவர் கேட்டது: "சரியாப் பிடிச்சேனா?" இவ்வளவு நம்பிக்கை வைப்பவர்களிடம் இவ்வளவு அலட்சியம் காட்டினால் எனக்குக் கோபம் வராதா?

(ஒரு நிமிடம் சித்தப்பா, கூப்பிடுகிறார்கள்.)

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? பிசியோதெரபி. இதில் நல்லதும் கெட்டதும் ஒன்றே: எல்லோரையும் அழவைக்கலாம், கடைசியில் அவர்களே நன்றி சொல்வார்கள். அப்பா முதல் நாள் பயிற்சி கொடுக்க வந்த பையனைப் பார்த்து, "போன ஜென்மத்துல உனக்கு நான் என்னடா பண்ணேன்?" என்று கேட்டார். கதவுவரை நடந்து வந்த அன்று அவன் கன்னத்தைக் கிள்ளினார். பரிசோதனைக் கூடத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. சித்தி சாப்பிடும் நேரத்தில் படித்துவிடப் போகிறார்.

இனி நர்ஸ். நல்லது என்று எழுத வெகுநேரம் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கெட்டதைக் கேளுங்கள். மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒரே சிஸ்டர் பார்க்கிறார். டாக்டர் திட்டினால் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும், சொந்தக்காரர்கள் திட்டினால் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும், லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் அதற்கும் அவர்தான். நின்றுகொண்டே சாப்பிடுகிறார். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. அப்போது குளிர்சாதன அறையிலிருந்து மேலாளர் இறங்கி வந்து, சிரித்த முகத்தோடு பணி செய்யுங்கள் என்று ஒரு படத்தைச் சுவரில் ஒட்டச் சொல்கிறார். சிஸ்டர் அவர் முகத்துக்கு நேராகவே, "பல்லைக் காட்ட நேரம் இருந்தா நாலு பேருக்குப் பல்லு தேய்ச்சு விட்டிருப்பேன் சார். ஆள் போடுங்க, நானே சிரிக்கிறேன்" என்றார். ஆள் போடவில்லை. படம் மட்டும் ஒட்டினார்கள். ஒட்டியது நான்தான்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். ஒருநாள் பெரிய டாக்டரின் அறை வாசலில் ரெப் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உங்கள் வயது இருக்கும். பையைக் கீழே வைக்காமல், கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி நின்றார். நீங்களும் அப்படித்தானே? கீழே வைத்தால் கூப்பிடும்போது எடுக்க நேரமாகிவிடும் என்பீர்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "நீலம், அந்த ரெப்பை நாளைக்கு வரச் சொல்லு." நான் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, பரவால்லம்மா" என்றார். உங்கள் குரல் சித்தப்பா. அப்படியே உங்கள் குரல். நீங்கள் ஏன் என்னைக் கதவுக்கு உள்ளே தள்ளப் பார்க்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. உள்ளே உட்கார்ந்து ஒருத்தரை நாளைக்கு வா என்று சொல்ல என்னால் ஆகாது. ஒரே தடவை சொன்னதே எனக்குப் போதும்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று இன்னொரு கூத்து. தள்ளுவண்டியில் அவரை வாசல்வரை கொண்டுவந்து வாடகைக் காரில் ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். சிஸ்டர் ஓடி வந்தார். "ஏய் நீலம், டூட்டி முடியல, எங்க ஏறுறே?" "சிஸ்டர், இவர் எங்க அப்பா." "தெரியும்டி, எல்லாருக்கும்தான் அப்பா. இறங்கு!" "நிஜமாவே அப்பா சிஸ்டர். இவங்க அம்மா." அம்மா வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நான் ஒண்ணே ஒண்ணுதான் பெத்தேன்" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அப்ப நீ யாருடி?" "துணைக்கு வந்தவ சிஸ்டர்." அவ்வளவுதான், காலியான தள்ளுவண்டியிலேயே தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, வாசல் காவலாளி ஓடிவர. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆகவே சித்தப்பா, என் முடிவு இது. மருத்துவமனை சம்பந்தப்பட்ட எந்த வேலையும் எனக்கு வேண்டாம். கல்லூரிக்காரரிடம் நன்றி சொல்லி அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுங்கள். நான் கணக்குப் படித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற ஒரு வேலைக்குப் போகிறேன். இதில் மாற்றமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். சித்திக்கு என் அன்பு, தம்பிக்கு ஒரு கொட்டு. உங்கள் இருவரின் ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் பெற்ற ஒண்ணே ஒண்ணு

பின்குறிப்பு: நடுவில் என்னைக் கூப்பிட்டது அம்மா இல்லை, நாலாம் பெட்டு. இந்தக் கடிதத்தை வார்டில், மருந்து டிராலியின் மேல் வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அன்று சிரித்து முடித்ததும் சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாளைக்கு எப்ப வருவே?" நான் யோசிக்கவே இல்லை சித்தப்பா, காலையில் என்று வாய் சொல்லிவிட்டது. மூச்சுப் பிடித்த தாத்தா இப்போது நம் வார்டில்தான் இருக்கிறார், நான் வந்தால்தான் மாத்திரை போடுவேன் என்கிறார். மேலே எழுதியதை அடிக்க நேரமில்லை, நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நர்சிங் என்று சொல்லிவிடுங்கள். படித்து முடித்ததும் முதல் சண்டை அந்த மேலாளரோடுதான். உங்கள் கணக்குப்படி இந்த வேலையில் பெரிய குறை ஒன்று இருக்கிறது: பொது வார்டுக்குக் கதவே கிடையாது. நீங்கள் பையோடு வந்தால் நேராக உள்ளே வந்துவிடலாம். உட்கார மட்டும் இடம் இருக்காது.