விட்டவர்கள் பன்னிரண்டாயிரம் பேர்

புகையிலையை மனித குலம் வென்றது மருந்தால் அல்ல, மருத்துவர்களாலும் அல்ல. சுகாதாரத் துறையின் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு கட்டத்தை அழித்ததால்தான். அந்தக் கட்டத்தை வரைந்த புள்ளியியல் அலுவலருக்கே அதை அழிக்கும் பேறும் கிட்டியது.

ஐந்தாண்டுகள் வீடு வீடாக எடுத்த கணக்கை வைத்து, புகைப்பழக்கம் எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்று சொல்லும் கணித மாதிரி ஒன்றை அவள் செய்திருந்தாள். அதில் மூன்று கட்டங்கள்: புகைப்பவர்கள், விட்டவர்கள், இறந்தவர்கள். இந்த ஐந்தாண்டில் நாலாயிரம் பேர் பழக்கத்தை விட்டிருந்தார்கள். எட்டாயிரம் பேர் அதனாலேயே இறந்திருந்தார்கள். சிகரெட் வரியை உயர்த்துவதா வேண்டாமா என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார். கட்டங்கள் அதிகம் என்று பட்டது அவருக்கு.

"செத்தவங்க இப்போ புகை பிடிக்கிறாங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்போ அவங்களும் விட்டவங்கதானே?"

உயிரை விட்டவர்களும் விட்டவர்களே. கணித முறைப்படி இதில் குற்றம் காண முடியவில்லை என்றாலும் அவள் அரை மணி நேரம் வாதாடினாள். இயக்குநர் மிக அன்பாக, தொலைதூர ஊர் ஒன்றில் காலியாக இருக்கும் பணியிடத்தைப் பற்றி விசாரித்தார். அவள் அழித்தாள்.

பன்னிரண்டாயிரம் பேர் விட்டுவிட்டதாக அறிக்கை வந்தது. ஆகவே வரி உயர்வு தேவையில்லை என்று ‘கொள்கை’ பிறந்தது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பாராட்டு விழா அறிவித்தார்கள். விட்டவர்கள் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் முந்நூறு பேருக்குக் கடிதம் அனுப்பும்படி இயக்குநர் உத்தரவிட்டார். அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்கட்டுமா என்று கேட்டாள். அங்கீகரித்த பட்டியலில் கை வைக்கக் கூடாது என்று அவர் கண்டித்தார். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

விழாவன்று அரங்கம் நிறைந்தது. பெரும்பாலும் பெண்கள். அரசுக் கடிதத்தைத் தட்ட முடியாமல், எதற்கென்றும் புரியாமல் வந்திருந்தார்கள். அவள் மேடையோரம் நின்று சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தாள். கணவர் பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அம்மாள் மேடையேறினாள். அமைச்சர் முகமெல்லாம் சிரிப்பாக விசாரித்தார்.

"வீட்டுக்காரர் எப்போம்மா விட்டார்?"

"மார்ச் ஒன்பது, விடியக்காலையில."

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாரே?"

"ஆமாங்க. மூச்சே விட முடியல."

"மறுபடி ஆரம்பிச்சிட மாட்டாரே?"

"மாட்டாருங்க."

முதல் கைதட்டல் இயக்குநருடையது. அந்த அம்மாள் சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ‘துறையின் முயற்சியால் விட்டவர்’. பிறகு ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினாள்.

"புகையை நிறுத்தணும்னு உங்க ஆலோசனை மையத்துக்கு மூணு தடவை நடந்தாருங்க. மூணு தடவையும் பூட்டிக் கிடந்தது. ‘துறையின் முயற்சியால்’னு சரியாத்தான் போட்டிருக்கீங்க."