தடயமே இல்லாத ருஸ்லான்

திருடனுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இப்போது புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது: விளம்பரத்துக்குப் பயப்படுகிறவர்கள். இணையத்தில் எங்கே போனாலும், போன சுவடு தெரியாமல் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். எங்கள் செராஸ் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி ருஸ்லான் இந்த இனத்தின் அசல் மாதிரி.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாள் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு தேடினார். அவ்வளவுதான். அதன் பிறகு செய்தி படித்தால் சேற்றுப்புண், சமையல் குறிப்பு பார்த்தால் சேற்றுப்புண். ஒருநாள் காப்புறுதி அலுவலகத்தில் மேலாளருக்காகப் பெரிய திரையில் ஏதோ செய்திப் பக்கத்தைத் திறந்தார். ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பாதம் வந்து நின்றது. அலுவலகமே குனிந்து அவர் காலணியைப் பார்த்தது. யாருக்குத்தான் ரோஷம் வராது?

இந்த வினையெல்லாம் குக்கீயால் என்று கண்டுபிடித்தார். ‘இவர் நம்ம ஆள்’ என்று தெரிந்துகொள்ள ஒரு தளம் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் அடையாளச் சீட்டுதான் குக்கீ. நம்மை மோப்பம் பிடித்துத் துரத்தும் விளம்பரக்காரனும் அதே மாதிரிச் சீட்டைத்தான் போடுகிறான். ருஸ்லானுக்கு இரண்டும் ஒன்றே. பக்கத்தை மூடிய கணமே அத்தனை சீட்டும் குப்பைக்குப் போகும்படி ஏற்பாடு செய்துவிட்டார். போதாததற்கு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்க வேண்டும். இரண்டை ஒன்றாக உட்காரவைத்தால் நம்மைப் பற்றி வம்பு பேசுமாம்!

விளைவு? தினமும் போகிற தளம்கூடத் தினமும் ‘நீங்கள் யார்?’ என்கிறது. பெயரைச் சொல்லு, கடவுச்சொல்லைச் சொல்லு, கைப்பேசிக்கு வந்த எண்ணைப் போடு, இந்தப் படங்களில் சாலை விளக்கு எங்கே என்று காட்டு... காலைத் தேநீர் ஆறுவதற்குள், தான் மனிதன்தான் என்று நாலு இடத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபித்த கையோடு பேரங்காடிக்குப் போவார். அங்கே குக்கர் பரிசுக் குலுக்கல் சீட்டில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிப் போட்டுவிட்டு வருவார். கேட்டால் அது வேறு கணக்கு என்பார். கேட்காதீர்கள்.

மனைவி லைலா, மலாய்க்காரர் வழக்கப்படி கணவனை ‘அபாங்’ என்று கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

“அபாங், நமக்கு வேணும்கிற நாலு தளத்துக்கு மட்டும் விலக்கு குடுங்களேன். மத்தவனையெல்லாம் நல்லாத் துரத்துங்க, யாரு வேணாம்னா?”

“இன்னைக்கு நாலும்பே, நாளைக்கு நாப்பதும்பே. கதவைத் திறந்தா திறந்ததுதான்லா!”

நோன்புப் பெருநாளுக்குக் கிளந்தான் ரயில் டிக்கெட் விற்கிற நாள் வந்தது. லைலாவின் அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்திருந்தது. இரண்டு வருஷமாகப் பார்க்காத மகளைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று கிளந்தானில் பாசீர் மாஸ் ஊரில் காத்திருந்தார். மலைப்பாதையில் கார் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. ரயிலை விட்டால் வேறு கதியில்லை.

இணையத்தில் வரிசை. ருஸ்லான் மடிக்கணினி முன்னால் உட்கார, லைலா பின்னால் நின்றாள். முன்னால் இருந்த ஆயிரம் நூறாகி, நூறு பத்தாகி, வந்தேவிட்டது அவர் முறை! நாலு இருக்கையும் தேர்ந்தெடுத்தாயிற்று. மின்னஞ்சலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது தளம்.

ருஸ்லான் என்ன செய்தார் தெரியுமா? மின்னஞ்சலைத் திறக்கும் முன், ரயில் பக்கத்தை மூடப் போனார். பழக்கதோஷம்!

“ஐயோ, மூடாதீங்க அபாங்!”

“ரெண்டு திறந்து வைக்கக் கூடாது லைலா. எத்தனை தடவை சொல்றது?”

மூடினார். எண்ணோடு திரும்பி வந்தார். ‘வருக, வருக’ என்று புது ஆளை வரவேற்பதுபோல வரவேற்றது தளம். அவருக்கு முன்னால் நாற்பதாயிரம் பேர்.

“இப்பத்தானே இங்க இருந்தேன்! என்னைத் தெரியலையா இவனுக்கு?”

“எப்படித் தெரியும்? மறந்துடு மறந்துடுன்னு தினமும் படிச்சுப் படிச்சுச் சொன்னது நீங்கதானே? நல்ல பிள்ளை, மறந்துட்டான்.”

லைலா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. ருஸ்லான் மடிக்கணினியை மூடினார்.

“கார்லயே கூட்டிட்டுப் போறேன்,” என்றார்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வழி நெடுக, இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் குடும்பக் குழுவுக்குக் காட்டிக்கொண்டே வர வேண்டும். ருஸ்லான் கைப்பேசியை வெறித்துப் பார்த்தார். லைலாவைப் பார்த்தார். அழுத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமா? பெருநாள் நெரிசலில் கார் நகர நகர, மைத்துனர்கள் ஆளாளுக்கு வர்ணனை.

“ருஸ்லான் ராவுப்ல நிக்கிறாரு.”

“இன்னும் நிக்கிறாரு. எந்தப் பிள்ளை வாந்தி எடுக்குது?”

“குவா முசாங்ல ஓரங்கட்டிட்டாரு. மூங்கில் சோறு வாங்குறாருபோல. எங்களுக்கும் சேத்து வாங்கச் சொல்லுங்க!”

பொழுது சாய்ந்து வீடு சேர்ந்தபோது, மாமியார் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு மருமகனிடம் வந்தார். “காலையிலேர்ந்து உன்னையேதான்பா பாத்துக்கிட்டிருந்தோம்,” என்றார். ருஸ்லானுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘நான் அப்படியில்லை’ என்கிறீர்களா? மெத்தச் சரி. உங்களுக்கு ரொம்ப வேண்டிய தளம் ஒன்றை இப்போதே திறந்து பாருங்கள். பேசாமல் உள்ளே விட்டால் தப்பித்தீர்கள். ‘நீங்கள் யார்?’ என்று கேட்டால், போய் முதலில் காருக்குப் பெட்ரோல் போட்டுவையுங்கள்.