புதன் பகல் முடிந்ததும் வருகிறேன் என்றவனுக்கு

புதன் கிரகச் சுரங்க முகாமில் தோண்டுகிற மிஷின் ஓட்டும் மகன் சுடலைக்கண்ணனுக்கு, தூத்துக்குடியிலிருந்து அப்பா மாடக்கண்ணு சொல்லச் சொல்ல, உன் தங்கச்சி பொன்செல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், வெட்டாமல் விட்டதால் கிடாயும் சுகம். உன் சுகத்தைக் கம்பெனி அனுப்பிய போட்டோவில் பார்த்துக்கொண்டோம். தொப்பிக்குள் மூஞ்சி தெரியாவிட்டாலும், நிற்கிற கோணல் உன்னுடையதுதான்.

பொன்செல்வி மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்றதும், நீ போனில் என்ன சொன்னாய்? "புதன் பகல் முடிஞ்சதும் வந்துருவேன்ப்பா" என்றாய். போகும்போது ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தவன்தானே என்று நானும் வியாழக்கிழமைக்கு ஆள் சொல்லிவிட்டேன். சாயர்புரத்திலிருந்து உன் பெரியம்மா வீட்டார் வேன் பிடித்து வந்து, ஆசாரி ஊசியோடு வந்து, மைக் செட்டுக்காரன் தெருவையே எழுப்பி, பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனமும் தடவி, எல்லாரும் ரோட்டைப் பார்த்தால் உன்னைக் காணோம். கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பிள்ளை, "தாத்தா, அது கிழமை இல்ல, கிரகம். அங்கன ஒரு பகல் முடிய நமக்கு மூணு மாசம் ஆவும்" என்றாள். "ஏளா, அப்ப மத்தியானச் சோறு எப்பத் திம்பாவ?" என்று கேட்டேன். படித்த பிள்ளைதான், அதற்கும் சிரிக்கிறாள்.

திரும்பி வந்தால் சம்பந்தி அம்மா பிரேமா பந்தலில் நின்று, "மாமன்காரன் சூரியனுக்குப் பக்கத்துல போயிட்டான், பச்சப்புள்ளைக்குப் பக்கத்துல வர முடியல. மடிக்கா பஞ்சம்? பெரியம்மா மவன் இருக்கான்லா!" என்கிறாள். உடனே உன் பெரியம்மா மகன் முப்பிடாதி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான், கையில் பாதி வடையோடு. பொன்செல்விதான், "எங்க அண்ணன் வந்துதான் குத்தணும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். ஏளா, எழுது.

உனக்குக் காது குத்திய அன்று உன் மாமன் வேம்பாரில் பஸ்ஸைத் தவறவிட்டு, உப்பு லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தான். வேட்டியெல்லாம் உப்பு. நீ மடியில் கிடந்து அந்த வேட்டியை நக்கினாயே ஒழிய, ஊசி போனதுகூடத் தெரியாமல் அழவே இல்லை. மாமன் என்றால் அப்படி வரவேண்டும். உன்னைக் குறை சொல்லவில்லை, அங்கிருந்து உப்பு லாரி கிடையாது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி மடியிலேயே குத்திவிடுவது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். இவள் மூன்று நாளாக என் முகம் பார்த்துப் பேசவில்லை, எழுத மட்டும் செய்கிறாள். நீ நிதானமாகத் தோண்டிக்கொண்டு இரு. வெயிலில் தலை காட்டாதே. சுடலைமாடன் அவ்வளவு தூரமும் வந்து உனக்குக் காவல் இருப்பார்.

இப்படிக்கு,
அப்பா, கைநாட்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் செய்தி வந்துவிட்டது. "இங்க வேலை முடிஞ்சிட்டு, வெள்ளிக்கு மாத்திட்டாவ" என்று பொன்செல்வி வாசித்தாள். மேலே சொன்னதை எல்லாம் அடித்துவிடு. முப்பிடாதியை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆசாரி, பந்தல், மைக் செட், கிடாய் எல்லாம் வெள்ளிக்கு மாற்றிவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள், இப்போதுதான் என் முகத்தைப் பார்த்து, "எந்த வெள்ளிப்பா?" என்று அழப்போகிற மாதிரி கேட்கிறாள். ஏளா, வாற வெள்ளிதான், வேற எந்த வெள்ளி இருக்கு?