நடுப்பத்தி படிக்காதவர்

உலகத்தில் படித்தவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்று உண்டு. அதற்குப் பெயர், ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதிக்குத் தயாராகிறவர். அவர் கையில் தடிப்புத்தகம் இருக்கும், மஞ்சள் மார்க்கர் இருக்கும், மேசையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அவரைப் போய் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். படிக்க அவருக்கு ஏது நேரம்?

எங்கள் தீவு நகரமான லட்டோகாவில் தெருவுக்கு இப்படி இரண்டு பேராவது தேறுவார்கள். அவர்களில் தலையாயவர் ஷால்வின் பிரசாத், பஸ் கம்பெனியில் டீசல் மெக்கானிக். எஞ்சின் இருமினால் எந்த உறுப்புக்கு நோய் என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார். ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்ற ஊரில் ஒரு லாரிப் பட்டறை முதலாளி, வேலை தருகிறேன் என்று அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். ஆங்கிலத் தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு மதிப்பெண் வேண்டும் என்றது முதல் பத்தி. ஜூன் முப்பதுக்குள் சான்று வராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்றது கடைசிப் பத்தி. இரண்டுக்கும் மஞ்சள் பூசி, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் மாட்டினார் ஷால்வின்.

பேசுவதில் ஏழு, கேட்பதில் ஏழு, எழுதுவதில்கூட ஆறு. வாசிப்பு மட்டும் ஐந்தரையில் பிரேக் பிடித்து நின்றது. உடனே பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். "முழுசாப் படிக்கிறவன் முழுசா ஃபெயிலு. முதல் வரி, கடைசி வரி, அவ்வளவுதான். நடுவுல எல்லாம் சும்மா சதை" என்றார் அங்கிருந்த மாஸ்டர். நுனிப்புல் மேய்வதை நம் பெரியவர்கள் குறை என்று நினைத்தார்கள், பாவம். அதற்கு வகுப்பு நடத்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஷால்வின் பத்திரிகையைக் கடிகாரம் வைத்துப் படித்தார், மருந்துச் சீட்டில் முதல் மாத்திரையையும் கடைசி மாத்திரையையும் மட்டும் விழுங்கினார், மனைவி அர்த்திகா பத்துச் சாமான் எழுதிக் கொடுத்தால் மேலே இருந்த வெங்காயத்தையும் கீழே இருந்த தீப்பெட்டியையும் வாங்கிக்கொண்டு வெற்றிவீரராகத் திரும்பினார்.

"மாவும் எண்ணெயும் எங்கங்க? வெங்காயத்தைக் கொளுத்தித் திங்கவா?"

ஷால்வின் கண்ணைச் சுருக்கினார். "தகவல் இல்லை."

இது தேர்வில் எழுதும் பதில். சரி, தவறு, தகவல் இல்லை என்று மூன்று உண்டு. வாழ்க்கைக்கும் இந்த மூன்றே போதும் என்று அவர் முடிவு செய்திருந்தார். இந்தச் சட்டை எனக்கு நன்றாயிருக்கிறதா என்று அர்த்திகா கேட்டாலும் தகவல் இல்லை. அதற்கு அவள் தந்த பதிலில் தகவல் நிறைய இருந்தது.

நான்காவது முறையாகத் தேர்வு எழுதினார். ஜூன் இருபத்தைந்தாம் தேதி முடிவு வந்தது. ஐந்து! பயிற்சி ஏற ஏற மதிப்பெண் இறங்கியது. கையில் இருந்தது ஐந்தே நாள், இனி ஒரு தேர்வுக்கு இடமில்லை. ஷால்வின் உண்மையிலேயே இடிந்துபோனார்.

அன்று மத்தியானம் ஆறுதல் சொல்ல வந்தான் கூடப் படித்த வைசாகே. ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய வஞ்சிர மீன், மறு கையில் எங்கள் ஊரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடி. அர்த்திகா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஷால்வின் பெருமூச்சு விட்டபடி பொடியைத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டினார். வைசாகே சும்மா உட்கார்ந்து, உதட்டை அசைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், நம்ம ஸ்கூல்ல பாடமெல்லாம் எந்த பாஷையில நடத்துனாங்க?"

"இங்கிலீஷுலதான். இப்ப எதுக்குடா அது?"

"இல்ல, ஸ்கூல் படிப்பு பூரா இங்கிலீஷுல படிச்சிருந்தா பரீட்சையே வேணாமாம். ஹெட்மாஸ்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்புனா போதும்னு போட்டிருக்கே."

"எங்கடா?"

"நடுவுல."

மீன் வெட்டும் கத்தியோடு அர்த்திகா வெளியே வந்தாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினோரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் கடிதத்தைத் துடைத்தவளே அவள்தான். "நானும் அந்த மஞ்சளத்தாங்க பாத்தேன்" என்றாள் மெதுவாக.

ஷால்வினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, முதலாளி மேல். "நடுப்பத்தியில போய் யாராச்சும் முக்கியமான விஷயத்த எழுதுவாங்களா? எழுதத் தெரியாத ஆளு!" பிறகு சந்தேகத்தோடு நண்பனைப் பார்த்தார். "ஆமா, உனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது? என்ன டெக்னிக்?"

"டெக்னிக்கா? நீ கரைச்சு முடிக்க நேரமாச்சு மச்சான். படிச்சேன்."

மறுநாளே ஹெட்மாஸ்டரிடம் கடிதம் வாங்கினார்கள். அதை வைசாகே விரல் வைத்து ஒருமுறை முழுக்கப் படித்த பிறகுதான் அர்த்திகா அனுப்ப விட்டாள். ஷால்வின் இப்போது டூவூம்பாவில் லாரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

சிரிக்கிறீர்கள். நாம் அப்படியில்லை என்ற திருப்தி உங்களுக்கு. சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி: வைசாகே கொண்டுவந்தது இறால். சரியா, தவறா, தகவல் இல்லையா? கண்ணை மேலே ஓட்டக் கூடாது.

ஓட்டிவிட்டீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுச் சுவரிலும் ஏதோ ஒரு கடிதம் தொங்குகிறது. எதற்கும் போய் நடுப்பத்தியைப் படித்துவிடுங்கள்.